இரண்டு டாக்டர், இரண்டு டப்பா

சாயங்காலம் நாலரை மணிக்கு மாஸ்டர் பேக்கரியிலிருந்து வருவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். டெய்லரம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, எம்பி நின்று, கட்டின புருஷன் வாயை மோந்து பார்ப்பாள். நான் மாடியில் குடியிருந்தேன். படிக்கட்டு அவர்கள் வாசலை உரசிக்கொண்டு ஏறும். வேண்டாம் என்றாலும் கண் பார்க்கும், காது கேட்கும்.

"வெண்ணிலா வாசனை அடிக்குதே."

"பேக்கரியில வேற என்ன வாசனை அடிக்கும்? மண்ணெண்ணெயா அடிக்கும்?"

"வாயில இருந்து வருதா, சட்டையில இருந்து வருதான்னு கேட்டேன்."

"சட்டையைக் கழட்டிட்டு வர்றேன். மறுபடி மோந்து பாரு."

அப்படியே சட்டையைக் கழற்றிவிட்டு வந்தும் நிற்பார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. வேறு எவனாக இருந்தாலும் ஒரு நாளாவது அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பான். இவர் பள்ளிக்கூடத்தில் நகம் காட்டும் பிள்ளை மாதிரி நிற்பார். மோந்து முடிந்ததும் அவள் சொல்வது ஒன்றுதான்: "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம விடுவானா?"

இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்த பேக்கரியில் கேக் மாஸ்டர். மாவை எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்தே அதில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவார். கலவையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியில் இருக்கும் தகர டின்னில் துப்பிவிடுவார். அது அந்த பேக்கரியின் சட்டம். ருசி பார்க்கலாம், விழுங்கக் கூடாது. சர்க்கரை நோய் வருவதற்கு முன்பும் அவர் துப்பத்தான் செய்தார். இனிப்பு அவருக்குப் பிடிக்காது. நாள் பூராவும் அதிலேயே புழங்குகிறவனுக்கு அது மண்ணு மாதிரி என்பார். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

முதலில் வந்தது இழுப்பு. மைதா மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும்பும் புகை மாதிரியான தூள், வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் போனதன் பலன். ரெண்டு வருஷம் கழித்துச் சர்க்கரை வந்தது. டெய்லரம்மா அசரவில்லை. அவள் நூலைக்கூட நிறவாரியாக அடுக்கி வைப்பவள். ரெண்டு பிஸ்கட் டப்பா எடுத்தாள். நீல டப்பாவில் சர்க்கரை மாத்திரை, சர்க்கரை டாக்டரின் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள். சிவப்பு டப்பாவில் இழுப்பு மாத்திரை, மூச்சு டாக்டரின் சீட்டு, எக்ஸ்ரே. சர்க்கரை டாக்டரிடம் போகும்போது நீல டப்பா மட்டும் போகும். மூச்சு டாக்டரிடம் சிவப்பு மட்டும். ஒன்றை எடுத்துப்போய் இன்னொருவர் முன்னால் வைப்பதை, ஒருத்தர் வீட்டுத் துணியை இன்னொருத்தருக்குக் கொடுத்தனுப்புவது மாதிரி ஒரு பெரிய தப்பாகவே அவள் நினைத்தாள்.

ஒரு மழைக்காலத்தில் இழுப்பு முற்றிப்போய் மாஸ்டர் நாலு நாள் உட்கார்ந்தபடியே தூங்கினார். மூச்சு டாக்டர் வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் ஒரு பம்பும், சின்ன வெள்ளை மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "மாத்திரை அஞ்சே நாள். அதுக்கப்புறம் பம்பு மட்டும் தினமும் ரெண்டு வேளை. மாவுத் தூள் பக்கம் போகாதீங்க" என்றார். மாவுத் தூள் பக்கம் போகாமல் பேக்கரியில் என்ன வேலை செய்வது என்பதை அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

பம்பை மாஸ்டர் ஒரே ஒரு நாள் பேக்கரிக்கு எடுத்துப்போனார். முதலாளி பார்த்துவிட்டார்.

"யோவ், சாப்பாட்டுப் பண்டம் பண்ற இடத்துல இதை வாயில வச்சு உறிஞ்சினா, வாங்க வர்றவன் என்ன நினைப்பான்? இந்த ஆளுக்கு என்னவோ ஒட்டுவாரொட்டின்னுதானே நினைப்பான்?"

வீட்டில் டெய்லரம்மாவும் அதற்கு ஒத்து ஊதினாள். "பம்புக்குப் பழகிட்டா அது இல்லாம மூச்சே வராதாம். அடுத்த தெருவுல ஒருத்தர் கடைசி வரைக்கும் அதைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு இருந்தாராம். நமக்கு எதுக்குங்க?"

பம்பு அட்டைப்பெட்டியோடு அலமாரிக்குப் போயிற்று. மாத்திரையோ அதிசயம் மாதிரி வேலை செய்தது. ஒன்றைப் போட்டால் அரை நாளில் நெஞ்சு லேசாகிவிடும். காலி அட்டையை மருந்துக்கடைக்காரரிடம் காட்டினால் அவர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. "மாஸ்டருக்குத்தானே?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். முதலில் இழுப்பு வந்தால் மட்டும். பிறகு இழுப்பு வரும்போல் இருந்தால். அப்புறம், வராமல் இருப்பதற்காகத் தினம் காலையில் ஒன்று. அவளே தண்ணீரோடு நீட்டுவாள். அவர் விழுங்கி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள்.

ஆறு மாதத்தில் மாஸ்டர் முகம் உப்பிக்கொண்டு வந்தது. கன்னம் ரெண்டும் உருண்டு, கண் சிறுத்துப்போயிற்று. நானும் ஒரு நாள் படிக்கட்டில் நின்று சொன்னேன். "என்ன மாஸ்டர், ஆள் பூரிச்சுப் போயிட்டீங்க. கேக்கெல்லாம் உடம்புலயே தெரியுதே" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். உள்ளே மிஷின் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

பசி வேறு பேயாய் எடுத்தது. சாப்பிட்டு எழுந்த கையோடு சமையலறைப் பக்கம் பார்ப்பார். அவள் சோற்றைப் பாதியாக்கினாள். மீதியைக் கீரையும் காயுமாக நிரப்பினாள். "சட்டியில ஏதாவது இருக்கா?" என்று அவர் கேட்பதும், "சட்டியில இருக்கு, உங்களுக்கு இல்ல" என்று அவள் சொல்வதும் எனக்கு மாடியில் கேட்கும். கருமி என்று நினைத்துவிடாதீர்கள். அவளும் அந்தப் பாதிச் சோறுதான் தின்றாள். அவர் முன்னால் நிறையத் தின்ன அவளுக்கு மனசு வரவில்லை.

இத்தனைக்கும் சர்க்கரை இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போயிற்று. சர்க்கரை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதை டெய்லரம்மாவே என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள்.

"காலையில வெறும் வயித்துல ஓரளவுக்கு இருக்கு. மத்தியானத்துக்கு மேலதான் மலை மாதிரி ஏறுது. பகல்ல வாய் எங்கயோ போகுதும்மா. எங்க வேலை பார்க்கறார்?"

"பேக்கரியில சார்."

டாக்டர் சிரித்தாராம். "சரிதான். வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?"

"சர்க்கரைக்கு வேற எதுவும் இல்ல சார். நீங்க குடுக்கறது மட்டும்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. நீல டப்பாவைப் பற்றிக் கேட்டதாக நினைத்து நீல டப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் இந்த வாய் மோந்து பார்க்கிற கூத்து. சட்டைப் பையில் கேக் தூள் தேடினாள். வேட்டி மடிப்பைப் பிரித்து உதறினாள். அவர் "தின்னலம்மா" என்பார். முதலில் கோபமாகச் சொன்னார். பிறகு கெஞ்சலாகச் சொன்னார். அதற்கப்புறம் நேரம் கேட்டால் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

ஒரு நாள் காலையில் அவள் நேரே பேக்கரிக்குப் போய் முதலாளியைப் பார்த்துவிட்டாள். திரும்பி வந்து வெற்றியோடு என்னிடம் சொன்னாள்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன் தம்பி. அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அவரைக் கேக் பக்கமே விடாதீங்க, தின்னுத் தின்னே சாகப் போறாருன்னேன். அவர் ரொம்ப நல்ல மனுஷன். நாளையில இருந்தே மாத்திடறேன்னுட்டார்."

"எங்க மாத்தறாராம் அக்கா?"

"மாவு சலிக்கற ரூமுக்கு. அங்க இனிப்பே கிடையாதாம்."

எனக்கு அப்போது அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அக்கா கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன். அந்த அறையை நான் பிறகுதான் பார்த்தேன். ஜன்னல் இல்லாத கிடங்கு. மரச்சட்டங்களின் மேல் மூட்டைகள். சலிக்கும் மிஷின் ஆடத் தொடங்கினால் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் கேக் மாஸ்டராக இருந்தவர், திருடித் தின்கிறவர் என்ற பெயரோடு அங்கே போனார். மற்ற ஆட்கள் அவருக்குக் கேட்கும்படியாகவே கேக் தட்டை எண்ணி வைத்தார்களாம்.

இழுப்பு இரட்டிப்பாயிற்று. காலையில் ஒரு மாத்திரை போதவில்லை. அவள் ரெண்டாக்கினாள். சர்க்கரை டாக்டரிடம் போனால் அளவு முன்னைவிட மேலே. இனிப்பே இல்லாத ரூமில் இருந்துகொண்டு எப்படி ஏறும்? அவளுக்குப் பதில் தெரிந்தேதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு பேன்ட்டைக் குறைக்கக் கொண்டுபோயிருந்தேன். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து கீரையும் சோறும் தின்று முடித்திருந்தார். அவள் பேன்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே அவரோடு பேசினாள். குரலே உயரவில்லை.

"ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன்."

"தின்னலம்மா."

"பிள்ளைங்க இல்லாத வீடு. உங்களை விட்டா எனக்கு யாரு? கால் போச்சு, கண்ணு போச்சுன்னு ஆளாளுக்குப் பயமுறுத்தறாங்க. நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன். உங்களுக்கு அந்தக் கேக்குத்தான் பெருசாப் போச்சா?"

"தின்னலன்னு சொல்றேன்ல."

"அப்போ சர்க்கரை பார்க்கற மெஷின் பொய் சொல்லுதா? ரத்தம் பொய் சொல்லுதா? உங்க மூஞ்சி பொய் சொல்லுதா? கண்ணாடியில போய்ப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் பேன்ட்டைப் பார்த்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சரி. தின்னேன்," என்றார்.

"என்ன தின்னீங்க?"

"கேக்கு."

"எத்தனை?"

"தினம் ரெண்டு."

டெய்லரம்மா அழுதுவிட்டாள். அழுகையில் நிம்மதிதான் அதிகம் இருந்தது. "இதைச் சொல்றதுக்கு ஒரு வருஷமா?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த நாளே முதலாளியிடம் போய், அவரே ஒத்துக்கொண்டார் என்று சொன்னாள். அந்த வாரம் சர்க்கரை டாக்டரிடமும் சொன்னாள். டாக்டர் தன் தாளில் 'உணவுக் கட்டுப்பாடு இல்லை, நோயாளியே ஒப்புக்கொள்கிறார்' என்று எழுதி, மாத்திரையைக் கூட்டினார். அதற்குப் பிறகு எந்தக் காரணத்தையும் தேட வேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போயிற்று.

ஆணி ஏறியது அதற்கு ரெண்டு மாதம் கழித்து. சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் காலடித் தடம் வாசலிலிருந்து சமையலறை வரை போனதை அவள்தான் பார்த்தாள்.

"என்னங்க, கால்ல என்ன?"

"கால்ல என்ன?" என்று அவரும் கேட்டார்.

கிடங்கின் மரச்சட்டத்திலிருந்த துருப்பிடித்த ஆணி, செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்கு அடியில் ஏறியிருந்தது. நாள் பூராவும் அதோடேயே நடந்து மூட்டை தூக்கியிருக்கிறார். வலி தெரியவில்லை. சர்க்கரை அவர் காலிலிருந்த உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. "தின்ன வாய்க்குக் கால் அனுபவிக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் மஞ்சள் தண்ணீரில் கழுவித் துணி கட்டினாள். புண் ஆறவில்லை. மூன்றாவது வாரம் விரல் கறுத்தது. ஆட்டோவில் நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள்.

வார்டில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. முகத்தில் தூக்கமே இல்லாதவள். மாஸ்டர் முகத்தையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தாள். சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள்.

"வீட்டுல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வாங்க. எல்லாம்னா எல்லாம்."

டெய்லரம்மா முதல் தடவையாக ரெண்டு டப்பாவையும் ஒரே பையில் போட்டு எடுத்து வந்தாள். டாக்டரம்மா சிவப்பு டப்பாவைத் திறந்து அந்த அட்டையை எடுத்தாள்.

"இது எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆகப் போகுது."

"தினமுமா? யார் எழுதிக் கொடுத்தது?"

"முதல்ல டாக்டர். அஞ்சு நாளைக்கு. அப்புறம் நான்தான் வாங்கிக் குடுக்கறேன். ஒரு நாள்கூட விட்டதில்ல," என்றாள் டெய்லரம்மா. அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. பிறகு பலநாள் அவளைக் குத்தியது அந்தப் பெருமைதான்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். "இது ஸ்டீராய்டும்மா. இழுப்பை அடக்கும், ஆனா சர்க்கரையை ஏத்தும். அதுவும் காலையில போட்டா மத்தியானத்துக்கு மேல ஏத்தும். பசியைக் கிளப்பும். முகத்தை உப்ப வைக்கும். புண்ணை ஆற விடாது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கறவருக்கு இதைத் தினமும் குடுத்தா, பச்சைத் தண்ணி குடிச்சாலும் அளவு இறங்காது. பம்பை ஒழுங்கா எடுத்திருந்தா இது தேவையே இருந்திருக்காது."

"அப்போ அவர் கேக் தின்னல?"

"தின்னாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? தின்னாமலே இவ்வளவு ஏறும்னு சொல்றேன்."

"இன்னியோட நிறுத்திடறேம்மா. தூக்கிக் குப்பையில போட்டுடறேன்."

"ஐயோ, அப்படிச் செய்யாதீங்க. இவ்வளவு நாள் எடுத்ததைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். நான் எழுதித் தர்றேன், அதன்படி நீங்களே குடுங்க."

மறுநாள் காலையிலும் அவள்தான் அந்த மாத்திரையைக் கொடுத்தாள். தண்ணீர் அவர் நெஞ்சில் சிந்தியது. அவர் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் தின்னேன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"தின்னலன்னு ஒரு வருஷம் சொன்னேனே."

"நான் நம்பாட்டி என்ன? நீங்க ஏன் மாத்திச் சொன்னீங்க?"

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். "நீ தூங்கவே மாட்டேன்னுட்ட. அன்னிக்குச் சொன்ன பிறகுதான் நல்லாத் தூங்கின. குறட்டைகூட விட்ட."

அதில் குத்தல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. நான் வெளியே போய்விட்டேன்.

அன்று மத்தியானம் அவள் முதலாளியைப் பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். கல்லாவுக்கு முன்னால் நின்று, மாத்திரை, இழுப்பு, சர்க்கரை என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார்.

"அவர் ஒரு துண்டுகூடத் தின்னதில்லண்ணே. நான்தான் பழி போட்டுட்டேன். இங்க எல்லார்கிட்டயும் நீங்க சொல்லணும். கால் ஆறினதும் அவரைப் பழையபடி கேக் ரூமுக்கே எடுத்துக்கணும். அந்த மாவு ரூம் அவருக்கு ஆகாது."

"அம்மா, தின்னாருன்னு முதல்ல வந்து சொன்னது நீங்க. அவரே ஒத்துக்கிட்டாருன்னு ரெண்டாவது வந்து சொன்னதும் நீங்க. இப்போ இல்லைங்கறீங்க. நான் எந்தப் பேச்சை நம்பறது?"

"இதை நம்புங்கண்ணே."

"சரி, விடுங்க. கேக் ரூமுக்கு வேற ஆள் போட்டாச்சு. அவர் குணமாகி வரட்டும், பார்ப்போம்." பிறகு அவருக்கே மனசு இளகியது. உள்ளே குரல் கொடுத்து நாலு துண்டு கேக்கைப் பொட்டலம் கட்டச் சொன்னார். "இருபத்திரண்டு வருஷ உழைப்பு. ஏதோ ஆசைப்பட்டுட்டாரு. இனிமே திருட வேண்டாம், நான் குடுத்தேன்னு சொல்லிக் குடுங்க."

டெய்லரம்மா கையை நீட்டவில்லை. வாங்காமல் போனால் அந்த 'பார்ப்போம்' என்பதும் போய்விடுமே என்று நான்தான் வாங்கி அவள் பையில் வைத்தேன். வழியில் எங்காவது போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் கூட்டம். மறந்துவிட்டது.

வார்டுக்குத் திரும்பியபோது சாயங்கால நர்ஸ் மாஸ்டர் விரலைக் குத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஆள். எண்ணைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள். ஸ்டூலில் வைத்த பையிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது. விரித்துப் பார்த்தாள்.

"இதென்ன? விரலை எடுத்துப் போட்டிருக்கு, இங்க கேக் வருதா? யார் கொண்டு வந்தது?"

கொண்டு வந்தவன் நான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் டெய்லரம்மா திறந்தாள். அவள் சொல் வெளியே வருவதற்கும் முன்னால் மாஸ்டர் பேசிவிட்டார். நர்ஸைத்தான் பார்த்துச் சொன்னார், மனைவி பக்கம் திரும்பவில்லை.

"அவளைத் திட்டாதீங்க சிஸ்டர். நான்தான் கேட்டேன். ஆசையா இருந்துது."

"ஏற்கெனவே தின்னீங்களா?"

"ஒரு துண்டு."

"இல்ல சிஸ்டர்," என்றாள் டெய்லரம்மா. "அவர் கேக்கவே இல்ல. தின்னவும் இல்ல. இப்பதான் நாங்க உள்ள வர்றோம். அது அந்த மாத்திரையால ஏறுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அவரே சொல்றாரேம்மா."

"அவர் அப்படித்தான் சொல்வார். நம்பாதீங்க. அவர் தின்னதே இல்ல, ஒரு நாளும் தின்னதில்ல."

நர்ஸ் சிரித்தாள். வீட்டுக்காரர்கள் இப்படிப் பேசுவது அவள் நிறையப் பார்த்ததாக இருக்கும். கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த அட்டையை எடுத்து எண்ணை எழுதினாள். அதற்குப் பக்கத்தில் 'கேக் சாப்பிட்டார்' என்று எழுதினாள்.

"சிஸ்டர், அதை அடிச்சிடுங்க."

"எழுதினதை அடிக்கக் கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.